வன்னி வெயிலுக்கும் கல்நீருக்கும் ஏற்ற பல்கலைக்கழக ஆய்வுகூடம்: எதைக் கவனிக்க வேண்டும்?

செட்டிகுளத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கட்டட வரைபு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வன்னியில் ஒரு பீடத்துக்கு ஆய்வுகூடக் கட்டடம் கட்டும் யோசனை இருக்கிறது. ஆரம்ப வரைபை எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். இரசாயனம், மண், நீர்ப் பரிசோதனை, கொஞ்சம் நுண்ணுயிரியல். இரண்டு மாடி, ஏறத்தாழ 2,000 சதுர மீற்றர். "பசுமைக் கட்டடமாக அமைய வேண்டும்" என்று கடிதத்தில் ஒரேயொரு வரி. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

அலுவலகத்தில் போட்ட முதல் பட்டியல் இது: கூரை முழுக்கச் சூரியத் தகடு, எல்ஈடி விளக்கு, வெளிச்சத்துக்காக முகப்பில் கண்ணாடி, மழைநீர்த் தாங்கி. இது போதும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இயங்குகின்றன. இனி இங்கே எழும் கட்டடங்களில் எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளும் படிக்கப் போகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

---

பியூரெட் எழுதியது:

தம்பி, உங்கள் பட்டியல் ஒரு பிரதேச செயலகத்துக்குச் சரி. ஆய்வுகூடத்துக்குப் போதாது. நான் பல காலம் ஆய்வுகூடத் தொழில்நுட்ப அலுவலராக இருந்தவன். அங்கே கரண்டைத் தின்பது விளக்கு அல்ல, காற்று.

அலுவலகத்தில் ஏசி போட்டால் உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிராக்கும். அமிலமும் கரைப்பானும் புழங்கும் அறையில் அப்படிச் செய்ய முடியாது. உள்ளே வந்த காற்று ஒரு தடவையோடு வெளியே போயாக வேண்டும். குளிராக்கிய காற்றைக் காசு கொடுத்து வெளியே தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஃபியூம் ஹூட் என்றால் நச்சு ஆவியை விசிறியால் வெளியே இழுக்கிற, கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி மேசை. ஒன்றின் கதவு ஒன்றரை மீற்றர் அகலம். 45 சென்ரிமீற்றர் உயர்த்தி வேலை செய்கிறோம். முகப்பில் காற்று விநாடிக்கு அரை மீற்றர் வேகத்தில் உள்ளே இழுபட வேண்டும் என்பது வழமையான அளவு. பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 1,200 கன மீற்றர் காற்று. 8 மீற்றருக்கு 6 மீற்றர் அறை, 3 மீற்றர் உயரம் என்றால் அந்த அறையின் முழுக் காற்றும் மணிக்கு எட்டுத் தடவைக்கு மேல் மாறுகிறது. வெளியே 33 பாகை, நல்ல ஈரப்பதன். அதை 24 பாகைக்குக் கொண்டுவர மூன்றரை தொன் குளிரூட்டல் வேண்டும், அதாவது 12,000 பிரியூ ஏசி மூன்றுக்கும் மேல். இது ஒரேயொரு ஹூட்டுக்கு. வரைபில் பத்து ஹூட் கீறிவிட்டுக் கூரையில் எத்தனை தகடு போட்டாலும் கட்டாது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது பிரிப்பது. ஆய்வு மாணவர் ஒருவரின் நாளில் பாதிக்கு மேல் எழுத்திலும் கணினியிலும் போகிறது. அந்த மேசைகளை இரசாயன அறைக்குள்ளேயே போடுவதுதான் எங்கள் வழக்கம். அதனால் எழுதுகிற ஆளுக்காகவும் அந்த விலை கூடிய காற்றைக் குளிராக்குகிறோம். போதாததற்கு அந்த ஆள் நாள் முழுக்கப் புகையையும் சுவாசிக்கிறார். எழுத்து அறை, கருத்தரங்கு அறை, களஞ்சியம், மண் காயவைக்கும் இடம் எல்லாவற்றையும் இரசாயனப் பகுதிக்கு வெளியே எடுங்கள். மிஞ்சுகிற சின்ன இடத்துக்கு மட்டும் நல்ல காற்றோட்ட ஏற்பாட்டைக் கொடுங்கள்.

கதவு உயரத்துக்கு ஏற்ப விசிறி வேகம் குறைகிற ஹூட் வாங்குங்கள். வேலை முடிந்ததும் கதவை இறக்குகிற பழக்கம் வந்தால் மேலே சொன்ன செலவில் பெரும்பகுதி அன்றே குறையும். பழைய வகை ஹூட்டில் கதவைப் பூட்டினாலும் விசிறி அதே அளவு காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

---

மருதோடை எழுதியது:

பியூரெட் ஐயா சொன்னதை வைத்தே கட்டடத்தின் உருவத்தை யோசிக்கலாம். நான் கட்டடக்கலைஞர்.

இரண்டு நீட்டுக் கட்டடங்கள், இரண்டும் கிழக்கு மேற்காக நீண்டவை, நடுவில் கூரை போட்ட அகலமான விறாந்தை. ஒன்று எழுத்து வேலைக்கு, மற்றது இரசாயனத்துக்கு. எழுத்துப் பகுதி ஓர் அறை அகலம் மட்டும், இரண்டு பக்கமும் யன்னல், உயர்ந்த கூரை, மின்விசிறி. வருடத்தில் கணிசமான நாட்களுக்கு அங்கே ஏசி தேவைப்படாது.

கிழக்கு மேற்காக ஏன் என்றால், கிளிநொச்சி 9 பாகை அகலாங்கைத் தாண்டி இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பு அன்று மதியம் சூரியன் அங்கே அநேகமாக நேர் உச்சியில். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கமாக வரும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக. இரண்டு பக்கமும் உயரத்தில் நிற்கிற வெயில்தான், தாவாரம் மறைத்துவிடும். மார்கழியில் தெற்கு யன்னலுக்கு ஒரு மீற்றர் தாவாரம் வேண்டும், ஆனியில் வடக்குக்கு அரை மீற்றர் கூடத் தேவையில்லை. கிழக்கும் மேற்கும் அப்படி இல்லை. காலை எட்டு மணி, மாலை நாலு மணி வெயில் சாய்வாக உள்ளே வரும், எந்தத் தாவாரமும் தடுக்காது. உங்கள் கண்ணாடி முகப்பு வீதியைப் பார்த்துத்தானே கீறப்பட்டிருக்கும்? அந்த வீதி மேற்கில் இருந்தால் அது அடுப்பு.

காற்று இதைவிட முக்கியம். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும், வாடை வடகிழக்கிலிருந்து. வருடத்துக்கு இரண்டு தடவை காற்று திசை மாறுகிற ஊரில் "காற்றுக்குக் கீழ்ப்பக்கம்" என்று புகைபோக்கிக்கு இடம் ஒதுக்க முடியாது. இரண்டு காற்றுக்கும் பக்கவாட்டில் நிற்கிற மூலைகள் வடமேற்கும் தென்கிழக்கும்தான். இரசாயனக் கட்டடத்தை எழுத்துக் கட்டடத்துக்கு வடமேற்காகத் தள்ளி வையுங்கள், புகைபோக்கியைக் கூரைக்கு மேல் மூன்று மீற்றராவது உயர்த்துங்கள். சோளகத்திலும் புகை மாணவர் மேல் வராது, வாடையிலும் வராது. காற்றை உள்ளே எடுக்கிற வாயையும் புகைபோக்கியிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, வரைபு மேசையில் முடிகிற காரியம்.

---

முறிகண்டியாள் எழுதியது:

நான் ஆய்வு மாணவி. மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

பசுமை, இயற்கைக் காற்று, மண் கல் என்று எல்லாம் எங்களிடம் வரும்போதுதான் நினைவுக்கு வருகிறதா? கொழும்பில் ஒரு பீடம் கட்டினால் கண்ணாடியும் லிப்றும் முழுக் குளிரூட்டலும். வன்னி என்றால் விறாந்தையும் மின்விசிறியும். போருக்குப் பிறகு இங்கே வந்த எத்தனையோ திட்டங்களில் "உங்களுக்கு இது போதும்" என்ற எண்ணம் இருந்தது. பங்குனி, சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு எழுத்து அறையில் இருந்து பாருங்கள், வியர்வை தாளில் சொட்டும். எனக்கும் குளிரான அறையில் இருந்து எழுத உரிமை இருக்கிறது.

---

மருதோடை எழுதியது:

தங்கச்சி, அந்தக் கோபம் நியாயமானது. அதை நான் தள்ளிவிட மாட்டேன். 2016 இல் பொருத்து வீட்டுத் திட்டம் வந்தபோது "இந்த வெயிலுக்கு இரும்பு வீடா?" என்று வடக்கில் எத்தனை பேர் எதிர்த்தார்கள். இந்த மண்ணையும் வெயிலையும் கேட்காமல் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கக்கூடாது என்பதுதானே அப்போது நாங்கள் சொன்னது? கொழும்புக் கண்ணாடிக் கட்டடத்தை இங்கே இறக்கினாலும் அதே கதைதான்.

விறாந்தையும் முற்றமும் குறைந்த தரம் இல்லை. மாத்தறை ருகுணுப் பல்கலைக்கழகத்தை 1980களில் ஜெப்ரி பாவா அப்படித்தான் வடிவமைத்தார்: குன்றுகளில் படிந்த கட்டடங்கள், முற்றங்கள், திறந்த நடைபாதைகள். நாடு முழுவதிலுமிருந்து கட்டடக்கலை மாணவர் போய்ப் பார்க்கிற இடம் அது.

உங்கள் இரண்டாவது விடயத்தையும் ஏற்கிறேன். சித்திரை மதியத்துக்கு மின்விசிறி மட்டும் போதாது. எழுத்து அறைகளுக்கும் ஏசி போடுவோம். ஆனால் யன்னலைப் பூட்டினால் நன்றாக அடைபடுகிற அறையாகவும், கூரைக்குக் கீழே வெப்பத்தடுப்பு உள்ள அறையாகவும் இருக்க வேண்டும். அங்கே காற்றை வெளியே தள்ள வேண்டியதில்லை என்பதால் சின்ன ஏசி காணும். நீங்கள் குளிராக இருப்பீர்கள், கட்டணமும் தாங்கும்.

---

நெடுங்கேணி நீர் எழுதியது:

நான் தண்ணீர்ப் பக்கம் வேலை செய்கிறவன். காற்றைப் பிரித்தது போல் தண்ணீரையும் பிரிக்க வேண்டும்.

வவுனியாப் பக்கத்துக் கிணற்று நீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளைக் கல் படிவது எல்லோருக்கும் தெரியும். அதே நீரைத்தான், நீரைக் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்குகிற ஆய்வுகூட வடிகருவிக்கும் கொடுக்கிறோம். சூடாக்கும் கம்பியில் கல் படிந்து கொஞ்ச நாளில் எரிந்துபோகும். மழைநீரில் அந்தக் கல் இல்லை. மழைநீர்த் தாங்கி என்றால் எல்லோரும் பூங்கன்றுக்கும் கழிப்பறைக்கும் என்றே நினைக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் மழைநீரின் முதல் உரிமை வடிகருவிக்கும், சவ்வால் நீரை வடிகட்டுகிற ஆர்ஓ இயந்திரத்துக்கும்.

1,000 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீற்றர். வன்னியில் வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் அளவு பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள். அவ்வளவையும் சேமிக்கிற தாங்கி கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். நாளுக்கு 300 லீற்றர், மாதத்துக்கு 20 வேலை நாள், தையிலிருந்து எட்டு மாதம் என்று பார்த்தால் 48,000 லீற்றர். 50,000 லீற்றர் தாங்கி ஒன்று மாரியில் நிரம்பினால் கோடை முழுக்க வடிகருவிக்கு நல்ல நீர். மிச்ச மழையை நிலத்துக்குள் இறக்குங்கள், கிணறுகள் ஊறும்.

வடிகருவியைக் குளிர்விக்கும் நீரைப் பார்த்திருக்கிறீர்களா? மணிக்கு 4 லீற்றர் வடிக்கிற கருவிக்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வரை குழாயில் ஓடிக் கழிவுத் தொட்டியில் விழுகிறது. ஒரு லீற்றர் எடுக்கப் பதினைந்து லீற்றர் வீண். தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர்களுக்கு நடுவில் இதைச் செய்யக்கூடாது. சின்னத் தாங்கியும் பம்பும் வைத்துச் சுற்றவிடுங்கள், அல்லது அந்த நீரைக் கழிப்பறைத் தாங்கிக்குத் திருப்புங்கள்.

அடுத்தது கழிவு. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஆய்வுகூடத் தொட்டியின் குழாயை மலக்குழியோடு இணைக்காதீர்கள். மலக்குழியின் ஊறு குழியிலிருந்து போவது அயல் கிணறுகளுக்கு. வவுனியா மாவட்டத்தில் காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் கலங்கிப்போயிருக்கின்றன! அப்படிப்பட்ட நிலத்தில் நீரை ஆராயக் கட்டுகிற கட்டடமே நீரைக் கெடுக்கலாமா? அமிலம் தாங்கும் தனிக் குழாய், சுண்ணாம்புக்கல் போட்ட நடுநிலையாக்கும் தொட்டி, அதற்குப் பிறகு மாதிரி எடுத்துப் பார்க்க ஒரு மூடி. ஈயம், குரோமியம், இரசம் போன்ற பார உலோகமும் கரைப்பானும் தொட்டிக்குள் போகவே கூடாது. அவற்றைப் போத்தலில் சேர்க்க வேண்டும். அந்தப் போத்தல்களை வைக்க நிழலும் காற்றோட்டமும் உள்ள ஓர் அறை வரைபில் இருக்க வேண்டும். அந்த அறை இல்லாவிட்டால் எல்லாம் இரவோடு இரவாகத் தொட்டிக்குள்தான் போகும்.

---

கறுப்பு மின்மானி எழுதியது:

சூரிய மின் பற்றி யாரும் கதைக்கவில்லை, நான் சொல்கிறேன். மின் பொறியியல் என் தொழில்.

மின்சார சபைக் கம்பியோடு இணைத்த சாதாரணத் தகடுகள், சபையின் மின் நின்றால் தாமும் நிற்கும். கம்பியில் வேலை செய்கிறவருக்கு ஆபத்து வராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணி நேர வெட்டு வந்தபோது, கூரை நிறையத் தகடு இருந்தும் வீடு இருட்டாக இருந்தவர்கள் பலர். ஆய்வுகூடத்தில் அது நடந்தால் ஆழ்குளிர்ப் பெட்டியில் இருக்கிற வருடக்கணக்கான மாதிரிகள் போய்விடும்.

அதனால் மின்சுற்றையும் பிரியுங்கள். ஆழ்குளிர்ப் பெட்டி, நுண்ணுயிர் வளர்க்கிற இன்கியூபேற்றர், அவசர விளக்கு, ஆபத்தான அறைகளின் விசிறி இவை தனிப் பலகையில். அதற்கு மட்டும் மின்கலத்தோடு கூடிய இன்வேட்டர், பின்னால் ஜெனரேட்டர். மிச்சத் தகடுகள் வழமைபோல் சபையோடு.

2025 சித்திரை விடுமுறையில் பகலில் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி சபை கேட்டதை மறக்க வேண்டாம். தொழிற்சாலையும் அலுவலகமும் பூட்டியிருக்க, வெயிலில் உற்பத்தி கூடிவிட்டது. பல்கலைக்கழகமும் அந்த நாட்களில் பூட்டித்தான் இருக்கும். தகட்டின் எண்ணிக்கையைக் கூரையின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்காமல், பகல் தேவையைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

மறை 80 பாகை ஆழ்குளிர்ப் பெட்டி பழைய வகை என்றால் நாளுக்கு 20 யூனிற் இழுக்கும். இங்கே ஒரு கிலோவொற் தகடு சராசரியாக நாளுக்கு 4 யூனிற் தரும். ஒரு பெட்டிக்கு ஐந்து கிலோவொற் தகடு! மாதிரி தாங்குமென்றால் மறை 70 இல் வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் ஒரு பெட்டி என்ற வழக்கத்தை விட்டு, எல்லோருக்கும் பொதுவான ஓர் அறை வையுங்கள். பெட்டிகள் கக்குகிற சூடு அந்த அறையோடு நிற்கும்.

---

மாங்குளம் மேசன் எழுதியது:

படித்தவர்கள் கதைக்கிற இடத்தில் நானும் சொல்லலாம்தானே. நாற்பது வருடமாகக் கல் கட்டுகிறேன்.

முதல் விடயம் நிலம். தம்பி எந்த இடம் என்று எழுதவில்லை. முருங்கன், துணுக்காய்ப் பக்கம் கறுப்புக் களி என்றால் கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும், மாரியில் பொங்கும். சாதாரண அத்திவாரம் போட்டால் மூன்றாம் மாரிக்குச் சுவர் பிளக்கும். துல்லியத் தராசு வைக்கிற அறையில் நிலம் அசைந்தால் என்ன செய்வீர்கள்? வவுனியாப் பக்கச் செம்மண், கிறவல் என்றால் அவ்வளவு பயம் இல்லை. எங்கே என்றாலும் மண் பரிசோதனை செய்யுங்கள். காட்டுக் காணி என்றால் ஆழத் தோண்ட முதல் கண்ணிவெடி அகற்றிய சான்றிதழைக் கையில் வாங்குங்கள், இதை யாரும் சும்மா எடுக்க வேண்டாம்.

இரண்டாவது கல். கிறவல் மண்ணில் கொஞ்சம் சீமெந்து கலந்து இயந்திரத்தில் அமுக்கிச் செய்கிற கல் இங்கே பல வீடுகளில் நிற்கிறது. சூளையில் விறகு எரிக்கத் தேவையில்லை, காடு மிஞ்சும். ஆற்று மணலும் குறையும். கனகராயன் ஆறும் பாலியாறும் எப்படித் தோண்டப்பட்டன என்று கண்ணால் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கல்லை அமுக்கிய கையோடு சுவரில் வைக்கக்கூடாது. சாக்குப் போட்டு மூடி, நனைத்து, 28 நாள் விட வேண்டும். கொன்ராக்ரர் அவசரப்பட்டால் அந்தக் கல் முதல் மாரியிலேயே கரையும். கல் செய்த திகதியை அடுக்கிலேயே பெயின்ரால் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் பிறகு யாரும் ஏமாற்ற முடியாது.

மூன்றாவது பீலி. பாலையும் வேம்பும் நிற்கிற வளவில் இலை விழுந்துகொண்டே இருக்கும். சுவருக்குள் ஒளித்த பீலி, மதில் வைத்த தட்டைக் கூரை இரண்டும் வேண்டாம். 2018 மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதே, அந்த மாதிரி ஒரு இரவில் பீலி அடைத்தால் நீர் நேரே உள்ளேதான் வரும். தாவாரத்துக்கு வெளியே தொங்குகிற அகலப் பீலி போடுங்கள். ஏணி வைத்து ஒரு ஆள் கையால் இலை அள்ளக்கூடிய உயரமும் இடமும் இருக்க வேண்டும். மரத்தை மட்டும் தறிக்க வேண்டாம்.

---

பியூரெட் எழுதியது:

மேசன் அண்ணை சொன்ன கல்லை எழுத்துக் கட்டடத்துக்கு முழுமனதோடு ஏற்கிறேன். இரசாயனப் பகுதியின் உட்சுவருக்கு வேண்டாம். அங்கே சுவர் தூள் கொட்டக்கூடாது, கழுவ வேண்டும். வழவழப்பாகப் பூசி, இரசாயனம் தாங்கும் பூச்சு அடிக்க வேண்டும். புகைபோக்கிக் குழாயும் தகரத்தில் வேண்டாம். அமில ஆவி தகரத்தைத் தின்றுவிடும், பிளாஸ்ரிக் குழாய்தான் நிற்கும்.

இன்னொன்று. நனைந்த பட்டைகள் வழியே காற்றை இழுத்து, ஈரமூட்டிக் குளிராக்குகிற முறையைப் பற்றி எனக்குத் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். 2008 இல் வந்த துல்கிரிய ஆடைத் தொழிற்சாலையில் அது நன்றாக வேலை செய்கிறது, உண்மை. சோளகக் காலத்து வறண்ட காற்றுக்கு இங்கேயும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் மாரியில் பயன் இல்லை, எங்கள் கல்நீரில் அதன் பட்டைகளும் அடைத்துவிடும். தராசு அறைக்கும் நுணுக்குக்காட்டி அறைக்கும் ஈரம் எதிரி. கார்த்திகை, மார்கழியில் வில்லையில் பூஞ்சணம் பிடித்து எத்தனை நல்ல நுணுக்குக்காட்டிகள் வீணாகின. அந்த இரண்டு அறையையும் சின்னதாக்கி, ஈரம் அகற்றும் கருவி போட்டு, எந்நேரமும் பூட்டி வையுங்கள்.

---

செட்டிகுளத்தான் எழுதியது:

இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. வரைபைத் திருப்பிக் கீறிவிட்டேன்: இரண்டு கட்டடம், நடுவில் விறாந்தை, இரசாயனம் வடமேற்கில். கண்ணாடி முகப்பு போய்விட்டது. கழிவுப் போத்தல் அறையும் பொதுக் குளிர்ப்பெட்டி அறையும் வந்துவிட்டன. மண் பரிசோதனை இல்லாமல் அத்திவாரம் கீற மாட்டேன் என்று அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி மிச்சம். எத்தனை ஹூட் வேண்டும் என்று பீடத்தில் கேட்டால் "போடக்கூடிய அளவு போடுங்கள்" என்கிறார்கள். இதை எப்படிக் கையாள்வது?

---

பியூரெட் எழுதியது:

எத்தனை வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு விரிவுரையாளரிடமும் போய், எந்தப் பரிசோதனைக்கு, எந்த இரசாயனம், வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கேட்டு ஒரு நேரசூசி போடுங்கள். திங்கள் காலை நான்கு பேர், வியாழன் ஒருவருமே இல்லை என்று வரும். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பதே உங்கள் எண்ணிக்கை, அதற்கு மேல் ஒன்று கூட்டுங்கள். வெறும் உப்புக் கரைசல் செய்கிறவருக்கு ஹூட் தேவையில்லை, சாதாரண மேசை போதும்.

கேள்விமனுவில் இரண்டு வரி சேர்க்க மறக்க வேண்டாம். கட்டடத்தைக் கையளிக்க முன் ஒவ்வொரு ஹூட்டின் முகப்பிலும் காற்று வேகத்தை ஆய்வுகூட அலுவலரின் முன்னிலையில் அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு விசிறிப் பட்டியும் வடிகட்டியும் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கடையில் வாங்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். வெளிநாட்டு உதவியில் வந்த நல்ல விசிறி ஒன்று, ஒரு பட்டி கிடைக்காமல் வருடக்கணக்கில் நின்றதை நான் வேலை செய்த இடத்தில் பார்த்திருக்கிறேன். அதுவரையும் மாணவர் யன்னலைத் திறந்து வைத்துத்தான் அமிலம் காய்ச்சினார்கள்.

நேரசூசி கிடைத்ததும் இங்கே போடுங்கள், காற்றின் கணக்கை நானே பார்த்துத் தருகிறேன்.